வல்லுநர் குழுவில் பெயர் வந்திருக்கும் வேதியியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேராசிரியர்களுக்கும் ஆய்வக நண்பர்களுக்கும்,

வணக்கம்.

ஆற்றில் நுரை பொங்கினாலோ, ஆலையில் வாயு கசிந்தாலோ, காய்கறியில் பூச்சிமருந்து மிச்சமிருக்கிறது என்று பேப்பரில் வந்தாலோ அரசு ஒரு வல்லுநர் குழு அமைக்கும். அந்த ஆணையில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ ஒரு வேதியியலாளரின் பெயர் இருக்கும். கல்லூரியில் பொன்னாடை போர்த்துவார்கள், வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படங்கள் வந்து குவியும். அந்தப் பெயர்க்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் என்னிடம் பி.எஸ்சி. படித்திருக்கலாம். பிப்பெட்டை வாயால் உறிஞ்சியதற்குத் திட்டு வாங்கியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இதிலும் திட்டு உண்டு.

நானும் ஒருமுறை அப்படி ஒரு குழுவில் இருந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதலில் இன்னொருவர் கதை.

ஜார்ஜ் கிஸ்டியாகோவ்ஸ்கி என்று ஒரு வேதியியலாளர். 1900-இல் கீவ் நகருக்கு அருகே பிறந்தவர். ரஷ்யப் புரட்சிக்குப் பின் வந்த உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளுக்கு எதிரான வெள்ளைப் படையில் சேர்ந்து சண்டை போட்டார். படை தோற்றது. 1920-இல் கப்பலேறித் தப்பி, துருக்கி, யூகோஸ்லாவியா என்று அலைந்து பெர்லின் போய்ச் சேர்ந்தார். அங்கே மாக்ஸ் போடன்ஸ்டைனிடம் ஆய்வு செய்து 1925-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். வினைவேகவியல் பாடம் எடுத்தவர்களுக்கு அந்தக் குருவின் பெயரை நினைவிருக்கும். ஹைட்ரஜனும் புரோமினும் சேரும் வினைக்கு நாம் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோகும் அந்த நீளமான வேகச் சமன்பாடு அவர் கண்டதுதான். சீடர் 1926-இல் அமெரிக்கா போனார், 1930-இல் ஹார்வர்டில் நிலைத்தார்.

போர் வந்ததும் ஆள் வெடிமருந்துப் பக்கம் திரும்பினார். எச்எம்எக்ஸ் என்ற வெடிமருந்தை மாவோடு கலந்து, பார்ப்பதற்குச் சாதாரண மாவு போலவே இருக்கும் ஒரு கலவையை உண்டாக்கினார். அதைப் பிசைந்து ரொட்டிகூடச் சுடலாம். ஜப்பானியரை எதிர்த்துச் சண்டையிட்ட சீனக் கெரில்லாக்களுக்கு யாருக்கும் சந்தேகம் வராமல் அனுப்புவதற்காகச் செய்தது.

1944-இல், அமெரிக்கா ரகசியமாக அணுகுண்டு செய்துகொண்டிருந்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போனார். புளுட்டோனியக் கோளத்தைச் சுற்றி வெடிமருந்துக் கட்டிகளை அடுக்கி, எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் ஒரே அளவு அழுத்தி நசுக்க வேண்டும். கால்பந்தின் தோலில் அறுகோணமும் ஐங்கோணமுமாகத் துண்டுகள் இருக்கிறதே, அதே அமைப்பில் 32 துண்டுகள். சில மருந்து வேகமாக வெடிப்பது, சில மெதுவாக வெடிப்பது. கண்ணாடி வில்லை ஒளியை வளைப்பதுபோல இந்த இரண்டையும் சேர்த்து அதிர்வலையை வளைத்தார்கள். காகிதத்தில் அழகான கணக்குதான். ஆனால் அந்தக் கட்டிகளை உருக்கி, அச்சில் ஊற்றி, ஆற வைத்துத்தானே எடுக்க வேண்டும்? ஆறும்போது உள்ளே காற்றுக் குமிழி தங்கிவிடும். மைசூர்பாகில் ஓட்டை விழுந்தால் பதம் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கட்டியில் ஓட்டை இருந்தால் அலை கோணிக்கொண்டு போகும், குண்டு புஸ்ஸென்று போய்விடும்.

1945 ஜூலை. சோதனைக்குச் சில நாள்தான் பாக்கி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், தேறிய கட்டிகள் போதவில்லை. புதிதாக வார்க்க நேரமில்லை. துறையின் தலைவர் அவர், கீழே நூற்றுக்கணக்கான ஆட்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பல் டாக்டர் சொத்தையைக் குடைவாரே, அந்தத் துளைக்கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்தார். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, குமிழி இருக்கும் இடம்வரை வெடிமருந்துக் கட்டியைத் தானே துளைத்தார். உருக்கிய வெடிமருந்தை அந்தத் துளைக்குள் ஊற்றி அடைத்தார். விடிய விடிய இதே வேலை. ஒவ்வொன்றும் 20 கிலோவுக்கு மேல் இருக்கும் கட்டி. பயமாக இல்லையா என்று பிற்காலத்தில் கேட்டதற்கு, மடியில் அவ்வளவு மருந்து வெடித்தால் கவலைப்பட நாம் இருக்கவே மாட்டோமே என்கிற தோரணையில் பதில் சொல்லியிருக்கிறார்.

இதோடு முடியவில்லை. சோதனைக்கு முன்னால் நடந்த ஒத்திகையில், கட்டிகள் சரியாக வேலை செய்யவில்லை என்று அளவீடு வந்தது. எல்லோரும் அவர்மேல் பாய்ந்தார்கள். அவர் ஆய்வகத் தலைவர் ஓப்பன்ஹைமரிடம் பந்தயம் கட்டினார்: என் ஒரு மாதச் சம்பளம், உங்கள் பத்து டாலர், இது வேலை செய்யும். மறுநாள் இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே கணக்கைச் சரிபார்த்து, வெடிப்பு சரியாக நடந்திருந்தாலும் அந்தக் கருவி இதே அளவைத்தான் காட்டியிருக்கும் என்று சொன்னார். ஜூலை 16 விடியற்காலை குண்டு வெடித்தது. சுமார் 9 கிலோமீட்டர் தள்ளியிருந்த பதுங்கறைக்கு வெளியே நின்றவரை அலை கீழே தள்ளியது. எழுந்து போய்ப் பத்து டாலரைக் கேட்டார். ஓப்பன்ஹைமரின் பர்ஸில் பணமில்லை.

அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. அதே அமைப்பில் செய்த குண்டுதான் ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் விழுந்தது. அந்தக் கணக்கு அவர் பெயரிலும் இருக்கிறது. நான் காட்ட வந்தது, தலைவரான பிறகும் துளைக்கருவியைத் தன் கையில் எடுத்த அந்த ராத்திரியை. இதைத் தனியாக ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

1957 அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா ஆடிப்போனது. ஜனாதிபதி ஐசன்ஹோவர் வெள்ளை மாளிகையில் அறிவியல் ஆலோசகர் என்று ஒரு முழுநேரப் பதவியையே உண்டாக்கினார். முதலில் ஜேம்ஸ் கில்லியன். 1959 ஜூலையில் அந்த நாற்காலிக்கு நம் ஆள் வந்தார். உக்ரைனில் பிறந்து, வெள்ளைப் படையில் துப்பாக்கி பிடித்து, கடைசிவரை உச்சரிப்பு மாறாத ஒரு வேதியியலாளர், அமெரிக்க ஜனாதிபதியின் காதோரம். சரி, காதோரம் போய் என்ன செய்தார்?

வந்த சில மாதத்தில் ஒரு பழப் பிரச்சினை. அமெரிக்கர்கள் நவம்பர் கடைசியில் நன்றி நவிலும் பண்டிகை கொண்டாடுவார்கள். அந்த விருந்தில் வான்கோழியோடு கிரான்பெர்ரி என்ற புளிப்புப் பழம் இருந்தே ஆக வேண்டும், நமக்குப் பொங்கலுக்குக் கரும்பு மாதிரி. 1959 நவம்பர் 9 அன்று சுகாதாரத் துறை அமைச்சர் ஃபிளெமிங், சில கிரான்பெர்ரிகளில் அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லி இருக்கிறது, அது எலிகளுக்குத் தைராய்டு கட்டியை உண்டாக்கியிருக்கிறது என்று அறிவித்தார். வியாபாரம் படுத்தது. வேடிக்கை என்னவென்றால், விஸ்கான்சினில் ஓட்டுக் கேட்கப் போன நிக்சன் மேடையில் கிரான்பெர்ரியை வாங்கி வாங்கிச் சாப்பிட்டார், கென்னடி அதன் சாறைக் குடித்தார். நம் ஊர்த் தலைவர்கள் பறவைக் காய்ச்சல் சமயத்தில் கோழி பிரியாணி சாப்பிட்டு போட்டோவுக்கு நிற்பது ஒன்றும் நாம் கண்டுபிடித்ததில்லை.

அப்போது அங்கிருந்த சட்டம், விலங்குக்குப் புற்றுநோய் தரும் எந்தச் சேர்பொருளும் உணவில் எந்த அளவிலும் கூடாது என்றது. எந்த அளவிலும் என்ற சொல் வேதியியலாளருக்கு உறுத்தாமல் இருக்குமா? அளக்கும் கருவி நுட்பமாக ஆக ஆக, எல்லாவற்றிலும் எல்லாமும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அவர் ஒரு குழு அமைத்தார். சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தாமல் பகுத்தறிந்து பொருத்த வேண்டும் என்று 1960 மே மாதம் அறிக்கை வந்தது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பகுத்தறிந்து என்ற சொல்லுக்குள் ஆலை முதலாளிகள் லாரியையே ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் ஒன்று, அவர் சொன்னது எழுத்தில் இருக்கிறது. அறுபது வருஷம் கழித்து உட்கார்ந்துகொண்டு நான் மறுக்க முடிகிறது.

இனி ஒமாஹா. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

1960-இல் அமெரிக்க ராணுவம் தன்னுடைய எல்லா அணுகுண்டுகளையும் எங்கே, எப்போது, எத்தனை போடுவது என்று ஒரே திட்டமாக எழுதிக்கொண்டிருந்தது. எழுதியவர்கள் நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவில் இருந்த, விமானப்படையின் அணுகுண்டுப் பிரிவுத் தலைமையகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாஷிங்டனுக்கு வந்து படம் போட்டு விளக்குவார்கள், போவார்கள். பெரிய பெரிய வரைபடம், அம்புக்குறி, சதவீதம். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஐசன்ஹோவர் ஒரு பழைய போர்த் தளபதி. அவருக்கே சந்தேகம் வந்தது. நீ போய் நேரில் பார்த்துவிட்டு வா என்று வேதியியலாளரை அனுப்பினார்.

நவம்பர் முதல் வாரம் போனார். ஜார்ஜ் ராத்ஜென்ஸ், ஹெர்பர்ட் ஸ்கோவில் என்று விவரம் தெரிந்த இருவரைக் கூட அழைத்துக்கொண்டார். அங்கிருந்த தளபதிகளுக்கு இந்த வருகை பிடிக்கவில்லை. ஆனால் ஜனாதிபதி அனுப்பிய ஆளை வாசலில் நிறுத்த முடியாது. வழக்கமான விளக்கவுரையோடு இவர்கள் திரும்பிவிடவில்லை. உள்ளே போய், இலக்குப் பட்டியலை எடுங்கள் என்றார்கள். ராத்ஜென்ஸ் ஒரு எளிமையான காரியம் செய்தார். ஹிரோஷிமா அளவுக்கே இருக்கும் ஒரு சோவியத் நகரத்தைத் தேடிப் பிடித்து, அதற்கு எத்தனை குண்டு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். பதில்: 4.5 மெகாடன் குண்டு ஒன்று. அது தவறினால் என்று மேற்கொண்டு 1.1 மெகாடன் குண்டுகள் மூன்று. ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோடன்; ஆயிரம் கிலோடன் சேர்ந்தால்தான் ஒரு மெகாடன். அதாவது முதல் குண்டு மட்டுமே முந்நூறு மடங்கு.

எத்தனை விளக்கவுரை கேட்டிருந்தாலும் இந்த ஓர் எண் வந்திருக்காது. மொத்தத் தொகையைக் கேட்காமல் ஒரே ஒரு வரியைப் பிடித்து இழுத்ததால் வந்தது. உப்பில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சால்ட் அனாலிசிஸில் முழு அட்டவணையையும் ஒப்பிக்கும் பையனிடம், சரி, இந்தச் சோதனைக்குழாயில் என்ன நிறம் வந்தது, அதை மட்டும் சொல் என்று கேட்போமே, அந்த வேலைதான். கட்டியைத் துளைத்துக் குமிழியைத் தொட்ட அதே கை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

திரும்பி வந்து ஐசன்ஹோவரிடம் சொன்னார்: ஒரே இலக்கின் மேல் குண்டுக்கு மேல் குண்டு, தேவைக்கு மேல் கொலை. இதைக் கேட்டுத் தான் கதிகலங்கிப் போனதாக ஐசன்ஹோவர் தன் கடற்படை உதவியாளரிடம் சொல்லியிருக்கிறார். அப்புறம்? அப்புறம் திட்டம் நின்றுவிடவில்லை. அவர் பதவி விடுவதற்கு முன்பே ஒப்புதல் ஆகிவிட்டது. அடுத்து வந்த கென்னடி ஆட்சியில்தான் அதைத் திருத்தும் வேலை நடந்தது. ஆலோசகர் சொன்னால் அரசு கேட்டுவிடும் என்று நினைத்து இந்த மடலைப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்.

நம் நாட்டிலும் வேதியியலாளர் அரசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கதை இருக்கிறதே என்று கேட்பீர்கள். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் இருக்கிறார். அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தைக் கட்டி எழுப்பியவர், நேருவுக்கு நெருக்கமானவர். அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வந்தது அந்தக் காலத்தில்தான். செட்டிநாட்டுப் பக்கம் உள்ளவர்களுக்கு இது மனப்பாடம். ஆனால் அது நிறுவனம் கட்டிய கதை. கட்டுகிற ஆளுக்கு அரசின் தயவு வேண்டும். குறை சொல்ல வந்த ஆளின் கதை வேறு, அதனால்தான் ஒமாஹா கதைக்குப் போனேன்.

இப்போது என் கதை.

பல வருஷம் முன்பு, மேற்கு மாவட்டம் ஒன்றில் சாயப்பட்டறைக் கழிவுநீர் பற்றி ஐந்து பேர் குழு. நான் நாலாவது பெயர். வேனில் கூட்டிப் போனார்கள். நேராக ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம். அன்று காலைதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், வாசனையே சொன்னது. வெள்ளைத் துணி விரித்த மேஜை, இளநீர், முந்திரி பிஸ்கட். கடைசித் தொட்டியின் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து மீன். சுத்திகரித்த தண்ணீரில்தான் சார் விட்டிருக்கிறோம், பாருங்கள் எப்படி ஓடுகிறது என்றார் மேலாளர். நாங்கள் ஐந்து பேரும், மொத்தம் நூறு வருஷத்துக்கு மேல் படித்தவர்கள், குனிந்து மீனைப் பார்த்தோம்.

என் பையில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று இருந்தது. கல்லூரிச் சாமான் இல்லை, என் காசில் வாங்கியது. பின்பக்கம் கழிப்பறைக்குப் போகிற சாக்கில் மதிலோரம் ஓடிய வாய்க்காலில் அதை முக்கினேன். ஆறாயிரத்துச் சொச்சம் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. வாய்க்கால் தண்ணீரைக் கேனில் பிடித்து யாரும் குடிக்கப்போவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வாய்க்கால் போகும் வழியில் கிணறுகள் இருந்தன. மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு விவசாயி தன் கிணற்றைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி ரோட்டில் நின்று கும்பிட்டார். லேட் ஆயிடுச்சு சார், கலெக்டர் ஆபீஸ்ல காத்திருக்காங்க என்றார் எங்களோடு வந்த அதிகாரி. வேன் நிற்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

வரைவு அறிக்கை அவர்கள் அலுவலகத்திலிருந்தே தட்டச்சாகி வந்தது. என் அளவை அட்டவணையாக எழுதிக் கொடுத்தேன். முதல் திருத்தத்தில் அது பின்னிணைப்புக்குப் போனது. இரண்டாவது திருத்தத்தில் பின்னிணைப்பே இல்லை. கேட்டபோது, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் எடுத்த மாதிரி இல்லையே சார், கோர்ட்டில் நிற்காது என்றார்கள். அது உண்மைதான். அப்படியானால் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தைக் கொண்டு எடுக்கலாமே என்று நான் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பொதுவாக ஏற்கத்தக்க நிலையில் உள்ளது என்ற வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பயணப்படி வந்தது. இன்றைக்கு அந்த அறிக்கையின் பிரதிகூட என்னிடம் இல்லை, தேதியும் மறந்துவிட்டது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை.

கிஸ்டியாகோவ்ஸ்கிக்கு இருந்தது. வெள்ளை மாளிகையில் இருந்த நாட்களில் யார் என்ன சொன்னார், தான் எங்கே விட்டுக்கொடுத்தார் என்றெல்லாம் எழுதி வைத்தார். 1976-இல் அது புத்தகமாக வந்தது. தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளாத பக்கங்களும் அதில் உண்டு. நீங்கள் குழுவில் உட்காரும் முதல் நாளிலேயே இரண்டு ரூபாய்க்கு ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன், இப்போது நோட்டு இரண்டு ரூபாய்க்குக் கிடைக்காது. பரவாயில்லை, நல்ல நோட்டாகவே வாங்குங்கள். கூட்டக் குறிப்பு என்று அவர்கள் அனுப்புவது வேறு, அன்று ராத்திரி நீங்கள் எழுதுவது வேறு.

அவருடைய பிற்காலம் இன்னும் சங்கடமானது. 1966 கோடையில் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா கேட்டுக்கொண்டபடி விஞ்ஞானிகள் கூடி வியட்நாம் போரை ஆராய்ந்தார்கள். நம் ஆளும் முன்னணியில் இருந்தார். வட வியட்நாமில் குண்டு போட்டதால், தெற்கே நடக்கும் சண்டைக்கு அவர்கள் ஆளும் பொருளும் அனுப்புவதில் அளக்கத்தக்க குறை எதுவும் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எவ்வளவு தைரியமான வாக்கியம்! ஆனால் அதோடு நிறுத்தவில்லை. குண்டு போடுவதற்குப் பதிலாக, ஆள் நடமாட்டத்தை உணரும் கருவிகளைக் காட்டில் போட்டு ஒரு மின்னணுத் தடுப்பு அமைக்கலாம் என்றும் யோசனை சொன்னார்கள். அரசு என்ன செய்தது? யோசனையை எடுத்துக்கொண்டது, கருவிகளைப் போட்டது. குண்டு போடுவதையும் நிறுத்தவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் அறிக்கைகளில் வரும் பரிந்துரைகள் என்ற பகுதி ஞாபகம் வருகிறது. ஆலையை மூடு என்று எழுத மனம் வராது, கூடவே மாற்று வழி என்று ஒன்றைப் பணிவாகச் சேர்ப்போம். அவர்கள் அந்த மாற்று வழியை மட்டும் வெட்டி எடுத்து டெண்டர் விடுவார்கள்.

1968-இல் அவர் பாதுகாப்புத் துறையோடு இருந்த ஆலோசனை உறவை முறித்துக்கொண்டார். வியட்நாம்தான் காரணம். அதன்பிறகு அணு ஆயுதத்துக்கு எதிரான அமைப்பில் வேலை செய்தார், அதன் தலைவராகவும் இருந்தார். 1982 டிசம்பரில் இறந்தார். அந்த மாதம் வெளிவந்த அவருடைய கடைசிக் கட்டுரையில், அதிகார வழிகளை மறந்துவிடுங்கள், மக்களைத் திரட்டுங்கள் என்று எழுதியிருந்தார். ஜனாதிபதியின் அறைக்குள் நேரே போய் வந்த மனிதர் எழுதியது. இதற்காக நீங்களும் உடனே குழுவை விட்டு வெளியேறுங்கள் என்று சொல்லமாட்டேன். உள்ளே போகாதவருக்கு அந்த இலக்குப் பட்டியல் கிடைத்திருக்காது.

வெளியே பேசினால் என்ன ஆகும் என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒலியை மிஞ்சும் பயணி விமானத் திட்டத்தை ஜனாதிபதியின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் கார்வின் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் எதிர்த்துப் பேசினார். நிக்சனுக்கு விஞ்ஞானிகள்மேல் இருந்த எரிச்சல் வளர்ந்தது. 1973-இல் அந்த ஆலோசனைக் குழுவையே கலைத்துவிட்டார். ஆகவே பயம் நியாயமானதுதான். பதவி உயர்வு நிற்கும், ஆராய்ச்சி நிதி நிற்கும், அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது. எனக்குப் பயப்பட அவ்வளவுகூட இல்லை, ஓய்வுபெற நாலு வருஷம்தான் பாக்கி இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. வேன் போகும் வழியில் அந்த விவசாயி மாதிரி யாராவது நின்றால் இறங்குங்கள். மாதிரி எடுக்கும் இடத்தை அவர்கள் காட்டட்டும், ஓர் இடத்தையாவது நீங்கள் காட்டுங்கள். உடன்படாத வாக்கியத்துக்குக் கீழே உங்கள் மாற்றுக் கருத்தை எழுதி, அது இருந்தால்தான் கையெழுத்து என்று சொல்லுங்கள். வாங்கிக்கொள்ளவில்லை என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மீன் தொட்டியைக் காட்டினால், எப்போது விட்டீர்கள் என்று கேளுங்கள்.

என் டிடிஎஸ் மீட்டர் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. பேட்டரி மாற்றினால் ஓடும், முனையைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, தெரிந்த கரைசலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முதல் கூட்டத்துக்குப் போகும் முன் யாருக்காவது வேண்டுமென்றால் வீட்டுப் பக்கம் வாருங்கள். திருப்பித் தர வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு வேதியியல் வாத்தியார்